வலது கை எனக்கு, இடது கை அவுகளுக்கு

என்னைக் கண்டாலே பினாயில் வாசம் வரும் என்று எங்கள் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு கேலி உண்டு. நான் வரப்போகிறேன் என்று போன் வந்த மறுநிமிஷமே தரையைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்களாம். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. நான் போன பிறகு மறுபடியும் அழுக்கானாலும், அந்த ஒரு நாளாவது சுத்தமாக இருந்ததே! ஒன்பது வருஷம் தூத்துக்குடி மாவட்டத்தில் சுகாதார நிலையங்களின் தரத்தை மதிப்பிடும் குழுவில் இருந்தவள் நான். கடற்கரை ஊர்கள், ஆற்றங்கரை ஊர்கள், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஊர்கள் என்று நான் போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்க்காத நிலையம் இந்த மாவட்டத்தில் இல்லை. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது சின்ன மையங்களை எல்லாம் வீடியோவிலேயே பார்த்து மார்க் போடுகிற முறை வந்துவிட்டதாம். "அக்கா, ஒங்க காலத்துல நேர்ல போயி அப்படி என்னத்தக் கண்டுபிடிச்சிய? எழுதித் தாங்களேன், புதுசா வாரவங்களுக்குக் குடுப்போம்" என்றாள் ஒருத்தி. நான் ஓய்வு பெற்று முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் எனக்கென்று ஒரு காலம் வந்துவிட்டது. போகட்டும். கேட்டதற்காக எழுதுகிறேன். வீடியோவை நான் குறை சொல்லப் போவதில்லை. மழைக்காலத்தில் வேம்பார் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போன முதுகு எனக்கு.

எனக்கு ஊர் ஏரல் பக்கம். நெல்லும் வாழையுமாக இருந்த குடும்பத்தில் நர்சிங் படிக்கப் போன முதல் பெண் நான். படிப்பு, பயிற்சி, விடுதிச் சாம்பார், பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் என்று எல்லா நர்சும் எழுதுவதை நான் விட்டுவிடுகிறேன். மதிப்பீட்டுக் குழுவுக்கு ஆள் கேட்டபோது, "சண்முகக்கனி அக்காவ அனுப்புங்க, அவங்களுக்குத்தான் வாய் இருக்கு" என்று என் வார்டுத் தோழிகளே என் பெயரைக் கொடுத்தார்கள். என்னை அனுப்பிவிட்டால் வார்டு நிம்மதியாக இருக்கும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கும்.

ஐந்து நாள் வகுப்பு நடத்தி, ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அது முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு கேள்வி. பிரசவ அறையில் கை கழுவ சோப்பு இருக்கிறதா? காலாவதியான மருந்து தனியாக வைக்கப்பட்டிருக்கிறதா? முழுக்கச் சரியாக இருந்தால் இரண்டு மார்க், அரைகுறை என்றால் ஒன்று, இல்லையென்றால் முட்டை. விடையைக் கண்டுபிடிக்க நான்கு வழி. கண்ணால் பார்க்கலாம், ஊழியரைக் கேட்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், நோயாளியைக் கேட்கலாம். போதுமான மார்க் வந்தால் நிலையத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

எங்கள் குழுத் தலைவர் டாக்டர் உமர், காயல்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பிமார் எல்லாம் கடல் தாண்டிச் சம்பாதித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அரசு டாக்டராக மாவட்டத்துக்குள்ளேயே பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்தார். அவரோடு வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு நிலையத்துக்குப் போனால் எல்லா அதிகாரிகளும் நேராக மருத்துவ அலுவலர் அறைக்குப் போவார்கள். அங்கே மின்விசிறியும் வடையும் காத்திருக்கும். இவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சில் போய், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் இருக்கிற ஆச்சியிடம், "எம்புட்டு நேரமா இருக்கிய?" என்று விசாரிப்பார். அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்து உள்ளே வருவார். அதற்குள் மருத்துவ அலுவலருக்கு வேர்த்து ஊற்றியிருக்கும்.

சாயங்காலம் என் அறிக்கையை அவரிடம் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "யார் யாரைப் பாத்தீங்க சிஸ்டர்?" முதல் தடவை நான் மருத்துவ அலுவலர், மருந்தாளுநர், லேப் டெக்னீசியன் என்று வரிசையாக அடுக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவங்கல்லாம் சம்பளம் வாங்குறவங்க. நான் சீக்காளியக் கேட்டேன்" என்றார். எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் நோயாளிகளின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்வேன்.

தேரிக்காட்டுப் பக்கம் ஒரு நிலையம். பளிங்கு மாதிரி வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறது, தினமும் பார்த்ததாகக் கையெழுத்தும் இருக்கிறது. பழைய பிரசவ வார்டு நர்சுக்குக் கையெழுத்தைப் பார்த்து வயிறு நிறையுமா? "திறந்து காட்டுங்க" என்றேன். சிலிண்டரைத் திறக்கிற சாவியைக் காணோம். அது அலமாரிக்குள் இருக்கிறது என்றார்கள். அலமாரிச் சாவி மருந்தாளுநரிடம், மருந்தாளுநர் மச்சினிச்சி கல்யாணத்தில். நான் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றேன். ஆளை அனுப்பிச் சாவி வந்து காற்று வர இருபத்தாறு நிமிஷம் ஆனது. பிறந்த பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மறுவாரம் அந்தச் சாவி சிலிண்டரின் கழுத்திலேயே சங்கிலி போட்டுத் தொங்கியது. கொஞ்ச நாளில் மாவட்டத்து நிலையங்கள் எல்லாவற்றிலும் அப்படியே தொங்கவிட்டார்கள். அந்தச் சங்கிலியைச் சங்கரன்கோயில்காரி நர்ஸ் ஒருத்தி "கனியக்கா சங்கிலி" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டாள். நகைக் கடையில் வாங்கிய எந்தச் சங்கிலியும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

இப்படியே என் வெற்றிகளை எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது, நேரில் போய் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று. நான் கண்டுபிடித்ததிலேயே பெரியது என் சொந்தத் தப்பு. அதைச் சொல்கிறேன்.

கடற்கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடம். பாதி வீடு வள்ளத்தில் போய் மீன் பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள். அங்கே முதல் தடவை மதிப்பீட்டுக்குப் போனபோது, ரத்த அழுத்தம், சர்க்கரை வியாதிக்காரர்களின் பதிவேட்டைப் புரட்டினேன். மாதா மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆண்கள் பலருடைய வரிசையில் ரத்த அழுத்தம் எழுத வேண்டிய கட்டம் காலி. கேட்டால், பெண்டாட்டிமார் வந்து நோட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆளைப் பார்க்காமல் மாத்திரை கொடுக்க இது என்ன மளிகைக் கடையா? குறைகள் எழுதுகிற பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதினேன். "ரத்த அழுத்தம் பதியாமல் மாத்திரை வழங்கக் கூடாது. உடனடியாக நிறுத்தவும்." கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே டாக்டர் உமர் கையெழுத்து. நோயாளிகளைப் பார்க்கிற நேரம் வாசலில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு அழகான பலகையைப் பார்த்துவிட்டு இரண்டு மார்க்கும் போட்டேன். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ஞாயிறு விடுமுறை.

ஒரு வருஷம் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை சான்றிதழுக்கான முக்கியமான மதிப்பீடு. பதிவேட்டைத் திறந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. கையை வைத்த இடத்தில் பத்துப் பெயரை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஐம்பது தாண்டிய ஆண்கள். 118/76, 120/80, 116/74. அத்தனை பேருக்கும் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நான் ஒரு வரி எழுதினேன், ஊரே சொஸ்தமாகிவிட்டது என்று உள்ளுக்குள் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்தப் பதிவேட்டை எழுதுகிறவள் ஜெசிந்தா. பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பெண், ஒப்பந்த நர்ஸ். ஏழு வருஷமாகத் தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் அந்த வருஷம்தான் வரப்போவதாகப் பேச்சு. பட்டியலில் இருக்கிறவர் மேல் ஒரு புகார் எழுத்தில் இருந்தால் போதும், பெயரை அடித்துவிடுவார்கள். அவள் சுறுசுறுப்பைப் பார்த்து, இவளுக்கு நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் உமர் அன்று வேறு நிலையத்துக்குப் போயிருந்தார். அவர் கேட்கப்போகிற கேள்வி ஞாபகம் வர, நான் ஜெசிந்தாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பெண்கள் வரிசையாக வந்தார்கள். பிரகாசி என்று ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், பனியன் கம்பெனிப் பைக்குள்ளிருந்து இரண்டு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள். ஜெசிந்தா பட்டையைச் சுற்றி, அளந்து, ஒரு நோட்டில் எழுதினாள். பிறகு யாரும் எதுவும் சொல்லாமலேயே பிரகாசி உடம்பைத் திருப்பி இடது கையை நீட்டினாள். ஜெசிந்தா பட்டையை எடுத்தவள், என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு கையிலும் அளப்பது நல்ல பழக்கம்தான். நான் சந்தோஷமாக, "ரெண்டு கையிலயும் பாக்கியளோ?" என்று கேட்டேன்.

பிரகாசிதான் பதில் சொன்னாள். "ஆமாக்கா. வலது கை எனக்கு, இடது கை அவுகளுக்கு."

"எவுகளுக்கு?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு. அவுக கடலுக்குப் போயிருக்காவல்லா."

"அவருக்குள்ள அழுத்தம் ஒங்க கையில எப்படிம்மா தெரியும்?"

"இதென்னக்கா கேக்கிய! முப்பது வருசமா ஒரே வீட்டுல ஒரே கொழம்புதான் சாப்புடுதோம். எனக்கு என்ன இருக்கோ அதான அவுகளுக்கும் இருக்கும்?" அவள் முகத்தில் கள்ளம் என்று ஒன்றும் இல்லை. சர்க்கரைக்கு ரத்தமும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாளாம். "இந்தப் பிள்ளதான் ரத்தம் மட்டும் எடுக்க மாட்டேன்னுட்டு" என்று ஜெசிந்தாவைப் பற்றி ஒரு குறை வேறு சொன்னாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெண்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "ஏளா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? இது பொய்க் கணக்குல்லா? ஒரு உசிரு போச்சுன்னா ஆரு பதில் சொல்லுவா?" என்று பிடிபிடியென்று பிடித்தேன். ஜெசிந்தா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, அடையாளத்துக்குக் காகிதக் கொடி குத்தி வைத்திருந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். என் சிவப்புப் பேனா எழுத்து.

"நீங்க எழுதிட்டுப் போன பெறகு ரெண்டு மாசம் நான் யாருக்கும் மாத்திர குடுக்கலக்கா. ஆளு வந்தாத்தான் குடுப்பேன்னுட்டேன். வள்ளம் வெடியுமுன்னே போவுது, கரைக்கு வர பதினோரு மணி ஆயிருது. மீன ஏலம் போட்டு, வலையச் சுத்தம் பண்ணி முடிக்க ஒரு மணி. நாம பன்னெண்டுக்கு சீட்டு குடுக்கத நிறுத்திருதோம். எவன் வருவான்? பிரகாசிக்கா வீட்டுக்காரரு சூசை அண்ணன், மாத்திர இல்லாம வள்ளத்துலயே தல சுத்தி விழுந்துட்டாவ. கூட இருந்தவங்க பிடிக்கலன்னா கடலுக்குள்ள போயிருப்பாவ. மறுநாளு அந்தக்கா இந்த மேசையில வந்து, 'ஒனக்கு ஒரு கைதான வேணும், இந்தா எங்கையில பாரு'ன்னு நீட்டுச்சு. மாத்திர குடுக்கணும்னா கட்டத்த நிரப்பணும். நிரப்பிட்டேன். அதுக்கப்பொறம் எல்லாப் பொம்பளயளும் நீட்ட ஆரம்பிச்சிட்டாவ."

"ஒங்க டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இதச் சொன்னா எனக்கு என்ன ஆவும்னு ஒங்களுக்கே தெரியும்."

மேசையில் இருந்த சூசையின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தினம் இரண்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஐந்து மாதமாக 118, 120 என்று பார்த்த நிலையத்து டாக்டர், கட்டுக்குள் வந்துவிட்டது என்று ஒரு மாத்திரையை நிறுத்தியிருந்தார். பிரகாசியின் ஆரோக்கியத்துக்கு அவள் புருஷனின் மருந்து குறைந்துபோயிருந்தது.

மணி பதினொன்றே கால். அளக்கிற கருவியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, "நட, கடற்கரைக்கு" என்றேன். என் கைப்பையை எடுக்க மறந்தேன், செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டேன்.

சூசை வள்ளத்தின் ஓரமாக வலையிலிருந்து சாளை மீனை உதறிக்கொண்டிருந்தார். நல்ல ஆகிருதியான மனுஷன். எங்களுக்குப் பின்னால் ஓடி வந்த பிரகாசியைப் பார்த்து, "ஏளா, இங்கன எதுக்கு ஊரக் கூட்டிக்கிட்டு வார?" என்று சத்தம் போட்டார். வேலை செய்துகொண்டிருக்கிற ஆளுக்கு உடனே அளக்கக் கூடாது. ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வள்ளத்தில் முதுகு சாய உட்காரவைத்தேன். காலை மாற்றிப் போடக் கூடாது, பேசக் கூடாது, பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும் என்றேன். பேசாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. கையை நெஞ்சு உயரத்துக்கு இன்னொரு பெட்டியின் மேல் வைத்து அளந்தேன். 206/118. கருவி சரியில்லையோ என்று பிரகாசிக்கு அளந்தேன். 118/78. ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி அவருக்கு. 202/116.

விஷயம் பரவிவிட்டது. "ஏலே சூசை, இத்தன நாளும் ஒம் பொண்டாட்டிக்குள்ள பிரசருக்கு நீ மாத்திர தின்னுருக்கலே!" என்று ஒருத்தர் சத்தம் போட, கரையே சிரித்தது. சூசையும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை மருத்துவ அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். ஏறும்போது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, ஒன்னு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. ஞாயித்துக்கெழம நாங்க எவனும் கடலுக்குப் போறதில்ல. பூசை பாத்துட்டு சும்மாதான் இருக்கோம். அன்னைக்கிப் பாத்து நீங்க பூட்டிட்டுப் போயிருதிய. இது யாருக்குள்ள ஆஸ்பத்திரி?"

நான் இரண்டு மார்க் போட்ட அந்தப் பலகைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அந்தப் படிவத்தில் நான்கு பத்தி உண்டு. குறை, காரணம், பொறுப்பானவர், சரிசெய்ய வேண்டிய தேதி. குறை என்ற இடத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குப் பெண்டாட்டி கையில் அளந்து எழுதியிருக்கிறது, அதை மறைத்தால் நான் எதற்கு இருக்கிறேன்? மூன்றாவது பத்தியில்தான் பேனா நின்றது. அங்கே ஜெசிந்தாவின் பெயரை எழுத வேண்டும். எழுதினால் ஏழு வருஷ வேலை அன்றோடு முடிந்தது. அவள் செய்தது தப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்ய அவளைச் சுவரோடு சேர்த்து நெருக்கியது யார்? ஆள் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல், நிறுத்து என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறினவள் நான். "காரணம்" என்ற இடத்தில் என்னுடைய போன வருஷத்துக் குறிப்பைத் தேதியோடு எழுதினேன். "பொறுப்பானவர்" என்ற இடத்தில் சண்முகக்கனி, மதிப்பீட்டாளர் என்று எழுதினேன்.

மறுநாள் டாக்டர் உமர் அதைப் படித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிஸ்டர், இந்த எடத்துல மதிப்பீட்டாளர் பேரு வந்து நான் பாத்ததே இல்ல. இது உங்க சர்வீஸ் ரிஜிஸ்டருக்குப் போகலாம். யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"யோசிச்சுத்தான் சார் எழுதினேன்."

"அப்போ ஒரு பேரு விட்டுப் போச்சே" என்றார். என் பேனாவையே வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். "போன வருஷம் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நானும்தான கையெழுத்துப் போட்டேன்? அன்னைக்கி உங்கள்ட்ட யார் யாரைப் பாத்தீங்கன்னு கேட்டேன். பாக்காத ஆளு யாருன்னு கேக்கல." அவருக்கு ஓய்வு பெற அப்போது ஏழெட்டு மாதம்தான் இருந்தது.

துணை இயக்குநர் அலுவலகத்தில் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்கும் டாக்டர் உமருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஜெசிந்தாவிடம், "பொய்யா எழுதினது நீதானம்மா?" என்று கேட்டபோது அவள், "ஆமா சார், நான்தான்" என்றாள். டாக்டர் உமர் தன் சாதாரணக் குரலிலேயே, "அந்தப் பொண்ணை அனுப்புறதா இருந்தா எங்க ரெண்டு பேரையும் சேத்து அனுப்புங்க. ஒரே அறிக்கைதான்" என்றார். கடைசியில் அவளுக்கு வாயால் ஒரு எச்சரிக்கை, எழுத்தில் ஒன்றும் இல்லை. நிலையத்துக்குச் சான்றிதழ் அந்த வருஷம் கிடைக்கவில்லை. மருத்துவ அலுவலருக்கு என் மேல் மூன்று மாதம் கோபம்.

ஆனால் சூசை கேட்ட ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி நடந்தது. பங்குச் சாமியார், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த கூடத்தைத் திறந்துவிட்டார். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் ஜெசிந்தாவும் நிலையத்து டாக்டரும் அங்கே உட்காருவார்கள், அதற்குப் பதிலாக வேறு நாள் விடுப்பு. முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன். தேய்த்த சட்டையும் வேட்டியுமாக ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சூசைதான் கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். பிரகாசி பக்கத்தில் வந்து, "இனிமே எனக்கு ஒரு கை மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டியல் வந்தபோது ஜெசிந்தாவின் பெயர் அதில் இருந்தது. அடுத்த வருஷம் சான்றிதழுக்காக மறுபடி மதிப்பீடு வந்தது. டாக்டர் உமர் ஓய்வு பெற்றுவிட்டார், புதிய தலைவர் என்னைத்தான் அனுப்பினார். நான் பதிவேட்டைத் திறந்தேன். அவ்வளவு அசிங்கமான பதிவேட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. 172/104. 168/100. 180/110, மருந்து மாற்றப்பட்டது. 160/96. 148/90. நடுநடுவே காலிக் கட்டங்கள், அதில் பென்சிலால் சின்ன எழுத்தில், "வரவில்லை. கொச்சிக்குத் தொழிலுக்குப் போயிருக்கிறார். மாத்திரை பத்து நாளைக்கு மட்டும்." அடித்தல், திருத்தல், ஒரு பக்கத்தில் மீன் வாடை வேறு.

ஜெசிந்தா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். போன தடவை எந்தக் கேள்விக்கு எல்லாம் முட்டை வாங்கினோம் என்று அவளுக்குத் தெரியும். என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்பர் எல்லாம் இப்படிக் கூடக்கூட இருக்கே. மார்க்கு கொறஞ்சிருமோ?"

"மொதல்ல ஒன்னு சொல்லு. இதெல்லாம் யாருக்குள்ள கை?"

"அவுகவுக கைதான்க்கா."

நான் இரண்டு மார்க் போட்டேன்.